மீன்தொட்டிக் கணக்கு

இல்லங்க, கிளார்க் சார் இன்னும் வரல. டி.சி. பாரம் அவர் பீரோவுக்குள்ள இருக்கு, சாவி அவர் பாக்கெட்டுல இருக்கு. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு. அரை மணி நேரத்துல வந்துடுவேன்னாரு, அவரோட அரை மணின்னா முக்கா மணி. நீங்க உக்காருங்க. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடவா? சரி, இருக்கட்டும்.

எனக்கு இந்தப் பீரியட் வகுப்பு இல்ல. பசங்க கிரவுண்டுக்குப் போயிருக்காங்க. நீங்க வந்திருக்கீங்கன்னு வாட்ச்மேன் வந்து சொன்னாரு, அதான் இறங்கி வந்தேன். சும்மா, உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு.

பொண்ணு வரலையா? வெளிய கேட் பக்கத்துல நிக்கிறாளா. உள்ள வரமாட்டேங்கிறாளா. பரவால்ல, கட்டாயப்படுத்தாதீங்க. நிக்கட்டும்.

பாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதலாம்னு இருக்கீங்க? வீடு மாற்றமா. ம். வீடு ஒண்ணும் மாறல இல்ல? இல்ல இல்ல, நான் குத்தமா சொல்லல. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. கிளார்க் சாரும் படிச்சுப் பாக்கமாட்டாரு. எழுதுங்க.

எனக்குத் தெரியும்ங்க. மூணு வாரமா அவளைப் பிள்ளைங்க என்ன பாடு படுத்துறாங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. மருந்துக்காரின்னு கூப்பிடுறாங்க. தண்ணி பாட்டில் எல்லாம் வரிசையா ஜன்னல்ல வெச்சிருப்பாங்க பாருங்க, அதுல அவ பாட்டிலை மட்டும் ஒரு முழம் தள்ளி வைக்கிறாங்க. அவ குடிச்ச குழாய்ல ஒருத்தன் வாய் வைக்கமாட்டேங்கிறான். நான் அதட்டினேன். ரெண்டு பேரை வெளிய நிக்க வெச்சேன். அதட்டினா என் முன்னாடி சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான். பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு பேர் கிடைச்சிட்டா அதை விடவே மாட்டாங்க.

மத்தியானம் சாப்பிடாம டப்பாவை அப்படியே கொண்டு வர்றாளா? பாத்தேன். மூடியைத் திறப்பா, மூடுவா. பாத்துக்கிட்டு எனக்கும் சோறு இறங்கறதில்ல.

உங்க பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும்ங்க. போற நேரத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. பதினெட்டு வருஷமா அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கறேன். இவளை மாதிரி ஒரு பிள்ளை அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தி வருவா. கணக்கு சீக்கிரம் போடற பிள்ளைங்க நிறைய இருக்காங்க, அது ஒண்ணும் பெரிசில்ல. இவ நிறுத்தி யோசிப்பா. விடை வந்ததும் அதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருப்பா, இது நிஜமா இருக்குமான்னு. அது எல்லாருக்கும் வராதுங்க.

அளவைகள் பாடம் வந்தா என் வகுப்புல ரகளைதான். யூனிட் எழுதலைன்னா நான் அரை மார்க் வெட்டிடுவேன். விடை சரியா இருந்தாலும் வெட்டுவேன். அஞ்சுன்னா என்ன அஞ்சு, அஞ்சு கிலோவா, அஞ்சு குழந்தையான்னு கேப்பேன். அதனால எனக்கு அரை மார்க் மிஸ்னு பேரு. பின்னாடி சொல்லுவாங்க, எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. போன வருஷம் ஒருத்தன் எங்கப்பாவின் உயரம் நூற்றி எழுபது லிட்டர்னு எழுதி வெச்சிருந்தான். உங்கப்பாவை எதுல ஊத்தி அளந்தேன்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சிச்சு, அவனும் சிரிச்சான். அரை மார்க் வெட்டினேன்.

சிரிக்கிறீங்க. ஆமா, அப்படித்தான் நான். அடுத்தவங்க தப்புன்னா எனக்கு சிவப்புப் பேனா தயாரா இருக்கும்.

கன அளவு மட்டும் போர்டுல எழுதி நடத்தவே மாட்டேன். சோப்பை வெட்டி சின்னச் சின்னக் கட்டி பண்ணுவேன். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரம். அதுதான் ஒரு கன சென்டிமீட்டர், கையில பிடிச்சுப் பாருன்னு ஆளுக்கு ஒண்ணு குடுப்பேன். அப்புறம் அட்டையில ஒரு பெட்டி. எல்லாப் பக்கமும் பத்து சென்டிமீட்டர். ஒரு வரிசைக்குப் பத்து கட்டி, பத்து வரிசை, அப்போ அடுக்குக்கு நூறு. பத்து அடுக்கு வெச்சா ஆயிரம். அதை எல்லாம் எடுத்துட்டு உள்ள பிளாஸ்டிக் தாளை விரிச்சு, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணியை அப்படியே ஊத்துவேன். சரியா விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும். ஒரு சொட்டு சிந்தாது. சரி, ரெண்டு சொட்டு சிந்தும். பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பாப்பாங்க. ஆயிரம் கட்டி, ஒரு லிட்டர். அதைப் பாத்தவங்க ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாங்க.

இந்த வருஷமா? இந்த வருஷம் பெட்டி செய்யலங்க. பழைய பெட்டி நனைஞ்சு கிழிஞ்சிருந்துச்சு. புதுசு செய்யலாம்னுதான் இருந்தேன். அதிகாரிங்க பார்வையிட வர்றாங்க, அதுக்குள்ள பாடத்தை முடிங்கன்னு ஹெச்.எம். மேடம் விரட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

அந்த மீன்தொட்டி ஹெச்.எம். மேடம் வீட்டுல சும்மா கிடந்தது. வகுப்புல வைங்க, அழகா இருக்கும்னு குடுத்தாங்க. ஏழு தங்கமீன். பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சாங்க. குண்டா ஒண்ணு இருந்துச்சு, அது தொப்பை. எப்பப் பாத்தாலும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும் ஒண்ணு, அது அவசரம். ஒண்ணு கண்ணாடிகிட்ட வந்து எல்லாரையும் முறைச்சுப் பாக்கும், அது நானாம். அரை மார்க். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாங்க.

உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பாளே. ஓ, தொப்பைக்காகத் தீனியைப் பொடி பண்ணிக் குடுப்பான்னு சொன்னாளா. ஆமா, தொப்பை மேல அவளுக்கு ஒரு தனிப் பாசம். தொட்டியைப் பாத்துக்க வாரம் ஒரு லீடர்னுதான் வெச்சிருந்தேன், இவ முறை வர்றதுக்கு முன்னாடியே மத்த லீடருங்க இவளைக் கேட்டுத்தான் தீனி போடுவாங்க.

அப்புறம் மீனுங்க உடம்புல வெள்ளைப் புள்ளி வந்துச்சு. மீன் கடைக்காரர் நீல மருந்து ஒண்ணு குடுத்தாரு, நூறு மில்லி பாட்டில். அஞ்சு லிட்டர் தண்ணிக்கு ஒரு மில்லின்னு மேல ஒட்டியிருந்துச்சு. எனக்கு சந்தோஷம். கணக்குப் பாடத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்? தொட்டியை அளப்போம், தண்ணி எத்தனை லிட்டர்னு கண்டுபிடிப்போம், மருந்து எவ்வளவுன்னு வகுப்போம். பாடமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சுன்னு பெருமையா சொன்னேன். அந்த வாரம் லீடர் உங்க பொண்ணு.

அவ அளந்ததை நீங்க பாத்திருக்கணும்ங்க. மத்தவங்க ஸ்கேலை வெளிய வெச்சு அளக்கப் போனாங்க. இவ, இல்ல மிஸ், உள்பக்கம்தான் அளக்கணும், கண்ணாடிக்கும் ஒரு கனம் இருக்கு, அது தண்ணி பிடிக்காதுங்கிறா. உயரத்துக்கு வரும்போது, தொட்டி உயரம் எதுக்கு மிஸ், தண்ணி எது வரைக்கும் நிக்குதோ அதுதானேங்கிறா. நான் அதை சொல்லியே குடுக்கல. உங்ககிட்டருந்துதான் வந்திருக்கும். தையல் கடைல உக்காந்து நீங்க அளவெடுக்கறதைப் பாத்துப் பாத்து வந்திருக்கும். அம்பது நீளம், முப்பது அகலம், தண்ணி உயரம் முப்பது. பெருக்கினா நாப்பத்தஞ்சாயிரம் கன சென்டிமீட்டர். கச்சிதமா சொன்னா.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹெச்.எம். மேடம் உங்களைக் கூப்பிட்டு சொன்னாங்க இல்ல. லிட்டருக்கு மாத்த ஆயிரத்தால வகுக்கணும், நோட்டுல ஒரு சைபர் குறைஞ்சு நூறுன்னு ஆயிடுச்சு. நாப்பத்தஞ்சு லிட்டர் நானூத்தி அம்பது லிட்டர் ஆயிடுச்சு. ஒம்பது மில்லி ஊத்த வேண்டிய இடத்துல தொண்ணூறு மில்லி. பெல் அடிச்சதும் மத்த பிள்ளைங்க சாப்பிட ஓடிட்டாங்க, என்னை ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினாங்க. போற போக்குல நீ ஊத்திடும்மான்னு சொல்லிட்டுப் போனேன். அவ பாட்டில் மூடியில அஞ்சஞ்சு மில்லியா, பதினெட்டு மூடி, எண்ணி எண்ணி ஊத்தியிருக்கா. சிந்தாம ஊத்தியிருக்கா.

அன்னைக்கு மத்தியானம் டிராயிங், அப்புறம் விளையாட்டு. நான் வகுப்புக்குத் திரும்பல. மறுநாள் காலையில வந்து கதவைத் திறந்தா தொட்டி முழுக்க நீலம். ஏழும் மேல மிதக்குது.

யார் ஊத்தினதுன்னு ஹெச்.எம். மேடம் வந்து கேட்டாங்க. உங்க பொண்ணு தானா எழுந்து நின்னா. நான்தான் மேடம்னா. யாரும் அவளைக் காட்டிக் குடுக்கல, அவளா எழுந்தா. அதை உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்லல இல்ல. அதான் நான் சொல்றேன்.

நான் எங்க நின்னேனா? அங்கேயேதான். தொட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்.

ஆமா. கேக்கறது நியாயம்தான். மருந்து விஷயத்துல சின்னப் பிள்ளை போட்ட கணக்கை டீச்சர் ஒரு தடவை சரி பாத்திருக்க வேண்டாமா? வேணும்ங்க. பாத்திருக்கணும். அதுக்கு நான் சமாதானம் சொல்ல வரல.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா. நான் ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

உங்களை ஒண்ணு கேக்கணும். உங்க டேப்புல ஒரு பக்கம் இன்ச்சு, ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும் இல்ல? எப்பவாவது பக்கம் மாத்திப் பாத்து வெட்டினதுண்டா? ஒரே ஒரு தடவையா. என்ன துணி? கல்யாணத்துக்கு எடுத்ததா, ஐயையோ. அப்புறம் என்ன பண்ணீங்க? கடைல வேலை பாக்கற பொண்ணு வெட்டிட்டான்னு சொல்லியிருக்கலாமே. அவங்க நம்பியிருப்பாங்களே.

நான்தான் வெட்டினேன்னு சொல்லிட்டீங்களா. திட்டினாங்களா? ம். இப்பவும் உங்ககிட்டதான் தைக்க வர்றாங்களா. சரி.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

கிளார்க் சார் செருப்புச் சத்தம் மாதிரி கேட்டுச்சு. இல்ல, வாட்ச்மேன்.

என்ன சொன்னீங்க? பிள்ளைங்க படுத்தறதுக்காக மட்டும் இல்லையா? வேற என்ன?

கண்ணா? கண்ணுக்கு என்ன?

எப்பலருந்து அப்படி சொல்றா? மூணு வாரமா. போர்டுல இருக்கறது ஒண்ணு, தனக்குத் தெரியறது ஒண்ணுன்னாளா. அப்படியேவா சொன்னா? வீட்டுல கடிகாரத்தைப் பாத்துட்டு மணி இதுதானேன்னு உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கிறாளா. கடைல அளவு எழுதின சீட்டைப் படிக்கச் சொன்னாக்கூட நீங்களே படிங்கம்மாங்கிறாளா.

டாக்டர்கிட்ட காட்டினீங்களா? என்ன சொன்னாரு? சின்ன எழுத்து வரைக்கும் எல்லாம் படிச்சிட்டாளாமா. ஆனா அவ நம்பலையா. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கா. கண்ணுல சொட்டு மருந்து விட்டு, நரம்பு எல்லாம் பாக்கணும்னு. கடையை ஒரு நாள் மூடிட்டுக் கூட்டிட்டுப் போறீங்க. புது ஸ்கூல்ல முன் பெஞ்சு கேட்டு வாங்கியிருக்கீங்க. அதுக்காகத்தான் இவ்வளவு அவசரமா டி.சி.யா.

கொஞ்சம் இருங்க.

போகாதீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்ங்க. அந்தப் பிள்ளை கண்ணுல சொட்டு மருந்து எல்லாம் விட வேண்டாம்.

எப்படி சொல்றேன்னா... இருங்க, சொல்லிடறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். வந்து உக்காந்து சோப்புக் கட்டி, அட்டைப் பெட்டின்னு என்னென்னவோ பேசிக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்கு அந்தக் கடைசிக் கணக்கை அவ தனியா போடல. நான் போர்டுல போட்டேன். பெல் அடிக்க அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. எல்லாரும் எழுத வேண்டாம், லீடர் மட்டும் எழுதிக்கோன்னு சொன்னேன். மத்தவங்க சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. முந்தின பீரியட்ல மீட்டரை சென்டிமீட்டராக்குற கணக்கு நடத்தினேன், நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்னு போர்டு மூலையில அப்படியே இருந்துச்சு. கை பாட்டுக்கு எழுதிடுச்சு. அவ எழுதி முடிச்சிட்டு, வழக்கம் போல விடையைப் பாத்துக்கிட்டே நின்னா. மிஸ், தொட்டிக்கு நாங்க மூணு வாளிதானே தண்ணி ஊத்தினோம், வாளியில பதினஞ்சு லிட்டர்னு போட்டிருக்கே, நானூத்தி அம்பது எப்படி வரும்னு கேட்டா. கேட்டா அவ. மூணே வாளியில சரியான விடையைச் சொல்லிட்டா. நான் திரும்பிக்கூடப் பாக்கல. வாளிக் கணக்கெல்லாம் வீட்டுல வெச்சுக்கோ, இங்க போர்டுல இருக்கறதைப் போடுன்னேன். பெல் அடிச்சது, போர்டை அழிச்சேன், போயிட்டேன்.

மறுநாள் ஹெச்.எம். மேடம் கேட்டதும் அவ நோட்டை எடுத்துக் காட்டினா. காட்டிட்டு என்னைப் பாத்தா. நான் உண்மையைச் சொல்லுவேன்னு எதிர்பாத்தா. பதினெட்டு வருஷத்துல போர்டுல ஒரு தப்பு போட்டதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். முப்பது பிள்ளைங்க, வாசல்ல நாலு டீச்சருங்க. நான் ஆயிரம்னுதான் எழுதினேன் மேடம், அவ சரியா பாக்கலன்னு வாய்ல வந்துடுச்சு. வந்ததை விழுங்கியிருக்கலாம். அன்னைக்கு சாயங்காலமாவது போய் சொல்லியிருக்கலாம். மூணு வாரம் இருந்துச்சு எனக்கு. தினமும் நாளைக்கு சொல்லிக்கலாம்னு தள்ளினேன், அதுக்குள்ள நீங்க டி.சி. கேட்டு வந்துட்டீங்க.

திட்டுங்க. திட்டறதுன்னா திட்டிடுங்க, ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் அவ என் மேஜைகிட்ட வந்து நின்னா. அழல. மிஸ், நீங்க நிஜமா ஆயிரம்னா எழுதினீங்கன்னு கேட்டா. ஆமான்னேன். எனக்கு நூறுன்னுதானே மிஸ் தெரிஞ்சுதுன்னா. சண்டை போடறாப்ல இல்லங்க, சந்தேகம் கேக்கறாப்ல கேட்டா. நான் நோட்டு திருத்திக்கிட்டே, நிமிராம, கண்ணு சரியா தெரியலயோ என்னமோ, அம்மாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ சரி மிஸ்னு போயிட்டா.

அவ கண்ணு நல்லா இருக்குங்க. நான் கேட்டுக்குப் போறேன், நீங்களும் வாங்க. அவளைக் கூட்டிக்கிட்டு ஹெச்.எம். ரூமுக்குப் போயிட்டு, அப்புறம் வகுப்புக்குப் போகணும். நீங்க தனியா சொன்னா, சமாதானத்துக்கு அம்மா சொல்றாங்கன்னு நினைச்சுக்குவா. போர்டுல நூறுன்னுதான் இருந்துச்சு.